அவகாசம்

எங்கள் அச்சகத்தில் ஏதாவது தவறாகப் போனால், யார் செய்தது என்று முதலாளி கேட்டு முடிப்பதற்குள் மாடிப்படிக்குப் பக்கத்து மேசையிலிருந்து பதில் வந்துவிடும். "எனக்க தப்பாக்கும், கேட்டியளா." அந்தக் குரலில் அழுகை இருக்காது, வீறாப்பும் இருக்காது. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி தாளைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

அக்கா என்றே எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை அந்தப் பெயரை நிற்கக் கூடாத இடத்தில் நிற்கவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்பதால், இன்னொரு முறை அதை இழுத்து வைப்பது நன்றாக இருக்காது.

அச்சகம், ஊரில் சாலை என்றே பெயரான கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்தது. கீழே கம்பி இறக்கும்போது மேலே எங்கள் மேசைகள் குலுங்கும். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான துணைப்பாடக் கையேடு என்று திருவனந்தபுரத்தில் தமிழில் அச்சாகும் சில்லறை வேலையில் பாதி அங்கேதான் வரும். அத்தனையும் அக்காவின் கண்ணைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகும். அவர் பிழை திருத்துநர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கரமனைக்கு வந்தவர். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நான் வேதியியலில் முதுகலை முடித்து, முப்பது தாண்டியும் வேலை கிடைக்காமல், மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொண்டிருந்தேன். வாத்தியாராக ஒரு பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காத என்னை அக்கா மட்டும் முதல் நாளிலிருந்தே "சாரே" என்று கூப்பிட்டார். எப்படியும் ஆகத்தானே போறீங்க, இப்பமே கூப்பிட்டுப் பழகிக்கிடுதேன் என்பார்.

ஒரு நாள் காலை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வயதான தம்பதி அவரிடம் வழி கேட்டிருக்கிறார்கள். ஊர் புதிது, தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள் கேட்டது ஆற்றுக்கால். அக்கா காதில் விழுந்தது ஆற்றிங்கல். முன்னது கோட்டைக்கு அந்தப் பக்கம் பக்கத்திலேயே இருக்கும் கோயில். பின்னது வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய ஊர். நல்ல மனசோடு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து ஏற்றிவிட்டு வந்தார். மேசையில் உட்கார்ந்து அன்றைய முதல் தாளை எடுத்தால், அது ஆற்றுக்கால் பொங்காலை நோட்டீஸ். அப்படியே எழுந்தார். ஆட்டோவைப் பிடித்து, பட்டம் தாண்டி, கேசவதாசபுரத்தில் அந்த பஸ்ஸை மறித்து ஏறி, முழு பஸ்ஸும் பார்க்க, "எனக்க தப்பாக்கும், எறங்குங்க" என்று சொல்லி அவர்களை இறக்கினார். கோயில் வாசல் வரை தானே கொண்டுபோய் விட்டுவிட்டு மத்தியானம்தான் அச்சகத்துக்கு வந்தார். வந்ததும் முதலாளியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். முதலாளி திருநெல்வேலிக்காரர், சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

இன்னொரு தடவை ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் செத்துப்போன அப்பாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உயிரோடிருக்கும் மகன் பெயர் ஏறிவிட்டது. சாலைக் கடைத்தெரு முழுக்க ஒட்டியும் விட்டார்கள். அக்கா ஒரு கத்தியையும் வாளித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய்ச் சுவர் சுவராகச் சுரண்டினார். அது போதாது என்று துட்டி வீட்டுக்கே போய் மகனைத் தேடிப் பிடித்து, "உங்களக் கொன்னது நானாக்கும்" என்றார். மூன்று நாளாகப் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் சிரித்துவிட்டாராம்.

இதையெல்லாம் வைத்து நாங்கள் அவரைக் கேலி செய்வோம். மின்சாரம் போனால், "அக்கா, இதுவும் உங்களுக்க தப்பா?" என்று யாராவது கேட்பார்கள். எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்ளும் அப்பாவி என்று நினைத்திருந்தோம். அது சரியல்ல. ஒரு முறை கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை முதலாளியே மாற்றிச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததும் அக்காவைப் பார்த்தார். அக்கா தாளிலிருந்து தலையைத் தூக்கி, "அது எனக்கதில்ல. உங்களுக்க தப்பாக்கும், முதலாளி" என்று அதே குரலில் சொன்னார். தன்னுடையது எது, மற்றவர்களுடையது எது என்பதில் அக்காவுக்கு அவ்வளவு கறார். அன்றைக்கு நான் அதைக் கவனித்தேன், மனசில் வாங்கிக்கொள்ளவில்லை.

அச்சான பிறகு ஒரு பிழை தெரிந்தால் அதற்கு ஒரு சடங்கு வைத்திருந்தார். சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். தடை நீங்க எல்லோரும் உடைக்கிற அதே இடத்தில் இவர் பிழைக்கு ஒன்று உடைப்பார். ஓங்கி எறிந்து, அது சிதறியதும், "முடிஞ்சுது" என்பார். அதற்குப் பிறகு அந்தப் பிழையைப் பற்றி அவரும் பேச மாட்டார், மற்றவர்களையும் பேச விடமாட்டார். நேரே போய் டீ குடிப்பார்.

திருத்தங்களைப் பென்சிலில்தான் போடுவார். சிவப்பு மையில் போடுங்கள், பளிச்சென்று தெரியும் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. "நான் திருத்துறதும் தப்பாப் போலாம் இல்லியா. அடுத்தாளு அழிக்க முடியணும்" என்றார். அந்த அடுத்தாள் பெரும்பாலும் நான்தான்.

நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். ஒரு தமிழ்வழிப் பள்ளியின் மேனேஜர் தம் பிள்ளைகளுக்காக ஒரு அறிவியல் கையேட்டைத் தமிழில் கொண்டுவர நினைத்தார். மலையாள மூலத்தை என்னிடம் தந்தார். அவர் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் இடம் ஒன்று காலியாக இருந்தது. கையேடு வெளியான மறு வாரம் நேர்காணல். வேலையைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று அவர் சொல்லியிருந்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் அம்மா அதற்குள் எனக்கு இரண்டு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள்.

கையேட்டில் தோரியம் என்ற உலோகத்துக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நம் கடற்கரை மணலில் இருப்பதல்லவா. கதையும் நல்ல கதை. ஸ்வீடனில் ஒரு பெரிய வேதியியலாளர் ஒரு தாதுவில் புதிய தனிமம் ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்து, அந்தப் பக்கத்துப் பழைய இடித்தெய்வத்தின் பெயரால் அதற்குத் தோரியம் என்று பெயரும் வைத்தார். சில வருஷம் கழித்து மறுபடி சோதித்தபோது அது புதியதல்ல, ஏற்கெனவே தெரிந்த பொருள்தான் என்று அவருக்கே தெரிந்தது. நான் சொன்னது தவறு என்று ஊரறியச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நார்வேயில் கல் பொறுக்கும் பழக்கமுள்ள ஒரு பாதிரியார், ஒரு தீவில் கறுப்பாக ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது கைமாறி இவரிடம் வந்தது. இந்தத் தடவை உண்மையிலேயே புதிய தனிமம் இருந்தது. வைத்துவிட்டு எடுத்துக்கொண்ட அதே பெயரை அதற்கு வைத்தார். பல பத்து வருஷம் கழித்து, தோரிய உப்பில் நனைத்த வலைத்துணி விளக்கில் வெள்ளை வெளேரென்று எரியும் என்று கண்டார்கள். மேன்டில் விளக்கு வந்தது. அதற்குத் தோரியம் தேடி அலைந்தபோது, திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அது இருப்பதைப் பார்த்தார்கள். பிறகுதான் கப்பல்கள் நம் மணலைத் தேடி வந்தன.

அந்தப் பெரியவர் தவறை ஒப்புக்கொண்ட இடத்தில் மலையாள மூலம், அவர் தன் 'அவகாசம்' கைவிட்டார் என்று சொல்லியது. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை, உரிமைகோரல். தமிழில் அதே சொல்லுக்கு நேரம், வாய்ப்பு என்று பொருள். திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டும் தெரியும். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றால் மலையாள அவகாசம் காதில் விழும், வீட்டுக்கு வந்தால் தமிழ் அவகாசம். இரண்டும் தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தவறு வரும். மலையாளம் மட்டும் தெரிந்தவன் தமிழில் எழுதவே மாட்டான், தமிழ் மட்டும் தெரிந்தவன் அகராதியைப் பார்ப்பான். நான் வேகமாக, "அவர் அந்த அவகாசத்தைக் கைவிட்டார்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். படித்தால் என்னவோ அந்த மனிதர் நேரமில்லாமல் ஆராய்ச்சியை விட்டுவிட்டார் என்று தோன்றும். அவர் செய்த நல்ல காரியம் ஒரு சொல்லில் காணாமல் போய்விட்டது.

அக்கா கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு வேதியியல் தெரியாது, மலையாள மூலமும் அவர் கையில் இல்லை. ஆனாலும் அந்த வரி உறுத்தியிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "நேரத்தையா கைவிட்டார்? மூலம் பார்க்கவும்."

அந்தத் தாளில் மற்றக் குறிகள் எல்லாம் ஒற்று, சந்தி, எழுத்துப் பிழை. அவற்றை எல்லாம் ஏற்றுக்கொண்டேன். இந்த ஒன்று மட்டும் பொருளைப் பற்றிக் கேட்டது. ப்ரீ டிகிரி தாண்டாத ஒருவர் எனக்கு வேதியியல் சொல்லித் தருகிறாரா என்று சுருக்கென்றது. மூலம் மேசையிலேயே, கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. நான் ரப்பரை எடுத்து அழித்தேன். தூளை ஊதிவிட்டு, திருத்தங்கள் ஏறி வந்ததும் அந்தத் தாளை என் பையில் போட்டுக்கொண்டேன்.

கையேடு கட்டுக்கட்டாக அச்சாகிப் பள்ளிக்குப் போனது. மூன்றாம் நாள் மேனேஜர் அச்சகத்துக்கு வந்துவிட்டார். முதலாளியின் அறையில் அவர், முதலாளி, நான் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா கதவருகே நின்றார். மேனேஜர் மூலத்தையும் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வரியைச் சுட்டினார். அவர் கோபப்படவில்லை, பிள்ளைகள் கையில் போகிற புஸ்தகமல்லவா, இது யார் பார்த்தது என்று மட்டும் கேட்டார்.

பார்த்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வாரம் நேர்காணல். வீட்டில் அந்த வெள்ளைச் சட்டைகள்.

"எனக்க தப்பாக்கும்" என்றார் அக்கா. "புரூஃப் பாத்தது நான். அவகாசம்னா அங்க ஒண்ணு, இங்க வேற ஒண்ணு. எனக்குத் தெரிஞ்ச வார்த்தையாக்கும். கண்ணுல படாமப் போச்சு."

கையேடு முழுக்க அவர் கைபட்ட தாள்கள் நூற்றுக்கணக்கில். ஒரு ஓரக் குறிப்பு அவருக்கு நினைவிருக்கவில்லை. அச்சில் பிழை இருக்கிறது, ஆகவே தான் பார்க்கவில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். குறிப்பு எழுதியிருந்தால் அது திருத்தப்பட்டிருக்கும் அல்லவா. அப்படித்தான் அவர் கணக்கு.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதினதுல என்னதான் இருந்தது?"

"உரிமைகோரலைக் கைவிட்டார்னுதான் எழுதின ஞாபகம்" என்றேன். "கம்போஸிங்கில மாறியிருக்கும்."

சும்மா இருந்திருந்தால்கூடக் கோழை என்று என்னைச் சொல்லிக்கொண்டு முடித்திருப்பேன். நான் வாயைத் திறந்து பொய் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தேகம் கொஞ்சமும் இல்லாத பார்வை. நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு ஆறுதல். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. நான் குறிப்பை அழித்த அந்தத் தாள் அந்த நேரத்தில் என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது.

திருத்தச் சீட்டு அடித்து, திரும்பி வந்த கையேடுகளில் எல்லாம் ஒட்டினோம். நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டினோம். அந்த வரியில் உண்மையில் என்ன இருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். சொன்னேன்.

"நல்ல மனுஷன்லா" என்றார். "அவருக்க நல்ல காரியத்தையாக்கும் நான் விட்டுப்போட்டேன்." பிறகு, அந்தக் கறுப்புக் கல் வந்து சேரும் வரைக்கும், இத்தனை வருஷமும், அந்தப் பேர் எங்கே இருந்தது என்று கேட்டார். பொருள் இல்லாத பேர், தப்பான இடத்தில் வைத்து எடுத்த பேர். அதற்குப் பதில் சொல்லும் யோக்கியதை அப்போது எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் என்னையும் கூப்பிட்டுக்கொண்டு பழவங்காடிக்குப் போனார். தேங்காயை வாங்கிக்கொண்டு, தோளிலிருந்த பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் பிடிங்க, சாரே." நான் பிடித்துக்கொண்டேன். ஒரு தோளில் என் பை, கையில் அவர் பை. என் பிழைக்கு அவர் தேங்காய் உடைத்தார். ஓங்கித்தான் எறிந்தார், சிதறவும் செய்தது. ஆனால் "முடிஞ்சுது" என்று அவர் சொல்லவில்லை. டீயும் குடிக்கவில்லை.

நேர்காணல் நல்லபடியாக நடந்தது. எனக்கு வேலை கிடைத்தது. தன் பள்ளி வேலை எதையும் அந்த அம்மாவிடம் கொடுக்க வேண்டாம் என்று மேனேஜர் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதலாளி கெட்டவர் இல்லை, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று மட்டும் அக்காவிடம் சொன்னார். அதைவிடப் பெரிய கேடு வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. அக்கா கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டியிருக்கிறார். கண்ணில் ஒரு குறையும் இல்லை, பழைய கண்ணாடியே போதும் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல சேதி. அக்காவுக்கு அது பயம். கண்ணில் இல்லையென்றால் குறை புத்தியில்தான் இருக்க வேண்டும். வீட்டில் பேப்பரை உரக்கப் படித்துப் படித்துப் பார்ப்பாராம். ஒரே தாளை நாலு தடவை பார்த்துவிட்டும் கையை விட்டு இறக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பதாக முதலாளி என்னிடம் சொன்னார். ஒரு நாள் பென்சில் டப்பாவைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, இனி இது எனக்குச் சரிவராது என்று சொல்லிப் போய்விட்டார்.

பிறகு சாலையிலேயே ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்து அடுக்கும் வேலைக்குப் போனார். ஒரு தடவை கூட்டத்தில் கண்டேன். குனிந்து மடித்துக்கொண்டிருந்தார். நான் சட்டென்று பக்கத்துச் சந்தில் நுழைந்துவிட்டேன். அதற்குப் பிறகு சாலைக்குப் போவதையே விட்டேன். ஏன் அரிசி வாங்க இவ்வளவு தூரம் சுற்றிப் போகிறீர்கள் என்று கேட்டு என் மனைவி அலுத்துவிட்டாள். இருபத்து மூன்று வருஷம் வகுப்பில் அந்தத் தோரியப் பாடத்தைச் சொல்லித் தந்திருக்கிறேன். அந்தப் பெரியவர் தவறை ஒப்புக்கொண்ட இடம் வந்ததும் பிள்ளைகள் பக்கம் திரும்பாமல் கரும்பலகையைப் பார்த்தபடியே சொல்லிவிடுவேன். அக்கா குறித்த அந்தத் தாளைக் கிழித்துப் போடவும் தைரியம் இல்லை, பீரோவில் சட்டைக்கு அடியில் கிடந்தது.

இந்த வருஷம் நான் ஓய்வு பெறுகிறேன். பிரிவு விழா மலரின் அச்சுப் படியைச் சரிபார்க்க என்னிடமே கொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே என்னைப் பற்றி, "பிழையற்ற பணி" என்று இருந்தது. பென்சிலை எடுத்து அந்தச் சொல்லைச் சுழித்தேன். ஓரத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படியை அப்படியே வைத்துவிட்டு பீரோவைத் திறந்தேன்.

கரமனையில் அதே வீடு. அக்காவுக்கு எழுபது ஆகப்போகிறது. முட்டுவலியோடு மெல்ல வந்து கதவைத் திறந்தவர், ஒரு நொடியும் யோசிக்காமல், "சாரே" என்றார். இந்தப் பட்டம் யார் போட்டது, எப்படிக் கிடைத்தது என்று அந்த இடத்திலேயே எனக்கு உறைத்தது. உட்காரச் சொன்னார். உட்காராமலே தாளை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அழித்ததை, பைக்குள் வைத்துக்கொண்டு பொய் சொன்னதை, சந்துக்குள் ஒளிந்ததை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

அவர் தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். அழுத்தி எழுதும் கை அவருடையது. கரி போனாலும் தாளில் பள்ளம் போகவில்லை. விரலால் தடவித் தடவி வாசித்தார்.

"நேரத்தையா... கைவிட்டார்..." விரல் நகர்ந்தது. "மூலம்... பார்க்கவும்."

இரண்டு தடவை வாசித்தார்.

"அப்பம் நான் கண்டிருக்கேன்" என்றார். "எனக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. நான் அங்கே நிற்பதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஓர் உண்மையையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிமிஷத்திலும் நான் ஒன்றை எதிர்பார்த்து நின்றேன். பென்சிலில் எழுதினேனே, மையில் எழுதியிருந்தால் நீங்கள் அழித்திருக்க முடியாதே, எனக்க தப்பாக்கும் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த நப்பாசையோடுதான் போயிருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

அக்கா திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. முகூர்த்த நேரத்துக்காக முதலாளியிடம் பேசிய அதே குரல்.

"இது உங்களுக்க தப்பாக்கும், சாரே."

"ஆமாம் அக்கா" என்றேன்.

தாளை நாலாக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அதை எனக்குத் திருப்பித் தரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பழவங்காடிக்குப் போகணும், ஆட்டோ பிடியுங்கள் என்றார்.

நான் தேங்காய் வாங்கினேன். கேட்காமலே அவர் கை நீண்டது. என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். சுற்றிலும் யார் யாரோ தங்கள் தடைகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓங்கி எறிந்தேன். முதல் எறியில் அது உருண்டு ஓரத்தில் போய் நின்றது. குனிந்து எடுத்து மறுபடி எறிந்தேன். உடைந்தது.

அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நானே கேட்டேன்.

"முடிஞ்சுதாக்கா?"

பையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டார்.

"அத நான் சொல்லப்பிடாது, சாரே. அது உங்களுக்க அவகாசமாக்கும்."